மண் பெட்டி, ஒரு குழாய், கொஞ்சம் காற்று

(இறம்பொடையில் தோட்ட இளைஞர்களின் தொழிற்பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வீட்டிலேயே ஓர் உலை கட்டிக் கொல்லுவேலையைத் தொடங்குவது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். கூட்டம் தொடங்குமுன் முன்வரிசைத் தம்பிமாரிடம் என்ன அடிக்க ஆசை என்று விசாரித்தேன். பாதிப் பேர் வாள் என்றார்கள். கைத்தொலைபேசியில் பார்க்கிற படங்களின் வேலை அது. வாளை இப்போதே ஒதுக்கிவிடுவோம். 2019இல் உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பிறகு வாள்களையும் பெரிய கத்திகளையும் ஒப்படைக்கும்படி பொலிஸார் நாடு முழுக்க அறிவித்தது உங்களுக்கு நினைவிருக்கும். சுவரில் மாட்ட ஒரு வாளை அடித்துவிட்டு, அதற்குப் பொலிஸில் போய் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க நமக்கு நேரமில்லை. கவ்வாத்துக் கத்தி, சுரண்டி, அலவாங்கு, முள்ளு, மம்பட்டி என்று இந்த மலையில் தினமும் தேய்கிற இரும்பு எவ்வளவோ இருக்கிறது. அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. 1848இல் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் நுவரெலியாவில் ஓர் இங்கிலாந்துக் கிராமத்தையே உண்டாக்கப் போகிறேன் என்று புறப்பட்டு வந்தார். கப்பலில் மாடு, செம்மறி, வேட்டைநாய், விவசாயக் கருவி எல்லாம் வந்தன. கூட வந்த ஆட்களில் ஒரு கொல்லரும் இருந்தார். பேக்கருடைய புத்தம் புதுக் குதிரை வண்டி இந்த இறம்பொடைக் கணவாய் ஏற்றத்தில் பள்ளத்தில் விழுந்து நொறுங்கிப்போனது. அதை அவரே தம் புத்தகத்தில் சிரிக்கச் சிரிக்க எழுதியிருக்கிறார். எனக்கு வண்டியைவிடக் கொல்லர்தான் முக்கியம். ஆள் இல்லாத குளிர்க்காட்டில் குடியேறப் போகிறவன் யாரை மறந்தாலும் கொல்லரை மறக்கவில்லை. கலப்பை முனை மழுங்கினால் இங்கிலாந்துக்கு அனுப்பித் தீட்டிக்கொள்ள முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நம் முன்னோர் இதே வழியாக நடந்து ஏறியபோது நிலைமை வேறு. காடு வெட்டக் கத்தியும், குழி தோண்ட அலவாங்கும் துரைமார் இறக்குமதி செய்து கொடுத்தார்கள். கோப்பி போய்த் தேயிலை வந்ததும் எந்திரம் வந்தது. எந்திரத்துக்காக 1875இல் ஹட்டனில் பிரவுன் கம்பனி தொடங்கியது. ஸ்டோர் என்று நாம் சொல்கிற தேயிலைத் தொழிற்சாலையில், எந்திரம் பூட்டித் திருத்துகிற பிட்டர் என்ற உத்தியோகம் வந்தது. மம்பட்டி என்றால் முதலை மார்க் மம்பட்டி. அது இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டனில் இருந்த சில்லிங்டன் கம்பனியின் முத்திரை. நல்ல மம்பட்டி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் கருவி கடையிலிருந்து வரும், மழுங்கினால் இன்னொன்று வரும் என்ற பழக்கம் நமக்குள் ஊறிப்போனது அப்படித்தான். மதுரை, இராமநாதபுரம், திருச்சி, சேலம் பக்கத்துக் கிராமத்தில் தெருமுனைக்கு ஒரு பட்டறையைப் பார்த்து வளர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அந்தச் சேலத்துப் பக்கத்தில் இரும்புத் துண்டையும் ஆவாரங்குச்சியையும் மண்குகை என்கிற மூசைக்குள் வைத்து மூடி, சுட்டு, உருக்கு வார்த்தார்கள். அதன் பெயர் ஐரோப்பா வரைக்கும் போயிருந்தது. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் கிடைத்த இரும்பு கிறிஸ்துவுக்கு முன் நாலாம் ஆயிரத்தாண்டைச் சேர்ந்தது என்று 2025 ஜனவரியில் தமிழ்நாட்டு அரசு அறிக்கை வெளியிட்டது. அந்தக் காலக்கணிப்பை ஆய்வாளர்கள் இன்னும் அலசட்டும். தொழில் நமக்குப் புதிதல்ல என்பதற்கு அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை.

இந்த மலைநாட்டுக் கொல்லரைப் பற்றி இன்னொரு சாட்சி இருக்கிறது. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ரொபேர்ட் நொக்ஸ். தப்பிப் போய் 1681இல் புத்தகம் எழுதினார். அதில் கொல்லரைப் பற்றி ஒரு பகுதி வரும். வேலை கொடுக்க வருகிறவன் இரும்பையும் கரியையும் தானே தூக்கிக்கொண்டு வர வேண்டுமாம். கொல்லர் முக்காலியில் கம்பீரமாக உட்கார்ந்திருப்பார், கையில் சின்னச் சுத்தியல். துருத்தி ஊதுவது வந்தவன். சம்மட்டி அடிப்பதும் வந்தவன். கொல்லர் இரும்பைப் பிடித்துக்கொண்டு, இடையிடையே சின்னச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி உருவத்தைத் திருத்துவார். கல்லில் தேய்ப்பதுகூட வந்தவன் பாடுதான். கடைசியில் அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்துக் கொடுப்பது கொல்லர். நொக்ஸ் இதைக் கொல்லரின் திமிர் என்கிற தொனியில் எழுதியிருக்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சம்மட்டி அடிக்க யாரும் வரலாம். காற்று ஊதவும் யாரும் வரலாம். எப்போது ஊத வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும், எந்த நிறத்தில் இரும்பை வெளியே எடுக்க வேண்டும் என்று தெரிந்த ஆள்தான் முக்காலியில் உட்கார முடியும்.

உலை என்றதும் எல்லாரும் நெருப்பை நினைக்கிறார்கள். நெருப்பு தானாக எரியும். உலை என்பது காற்றை அடக்கி ஓரிடத்துக்குக் கொண்டு வருகிற ஏற்பாடு. இதை நமக்கு முன்னாலேயே, நம்முடைய மலைத்தொடரின் தெற்கு விளிம்பிலேயே நிரூபித்துக் காட்டியிருக்கிறார்கள். பலாங்கொடைக்கு அப்பால் சமனலவெவ அணை கட்டத் தொடங்கியபோது, நீரில் மூழ்கப்போகிற இடங்களைத் தொல்லியல் ஆய்வாளர்கள் தேடிப் பார்த்தார்கள். கில்லியன் ஜுலெஃப் என்ற அம்மையார், மேற்கு நோக்கிய சரிவுகளின் உச்சியில் வரிசை வரிசையாகப் பழைய இரும்பு உலைகளைக் கண்டார். அந்த வகை உலை இருந்த இடம் மட்டும் எழுபதுக்கு மேல். கி.பி. 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரையில் இயங்கியவை. துருத்தி வைத்ததற்கு அடையாளமே இல்லை. தென்மேற்குப் பருவக்காற்றே துருத்தி. உலைக்கு முன்பக்கம் நேரான மண்சுவர், பின்பக்கம் வளைந்த சுவர். காற்று முன்சுவரில் மோதி மேலே தாண்டிப் போகும்போது சுவருக்குப் பின்னால் அமுக்கம் குறைகிறது. குறைந்த இடத்தை நிரப்ப, சுவரின் அடியில் வைத்த மண்குழாய்கள் வழியாக வெளிக்காற்று உள்ளே பாய்கிறது. 1994இல் அதே மாதிரி உலைகளைக் கட்டி, அதே காற்றில் இரும்பு எடுத்துப் பார்த்தார் அவர். வேலை செய்தது. உயர்ந்த கார்பன் உள்ள உருக்கே கிடைத்தது. 1996இல் நேச்சர் இதழில் கட்டுரை வந்தது. அதுவரை காற்றால் ஓடும் உலை உருப்படியாக வேலை செய்யாது என்றுதான் வெளிநாட்டு நிபுணர்கள் எண்ணியிருந்தார்கள். ஒன்பதாம் நூற்றாண்டு அரபு அறிஞர் அல் கிந்தி சரந்தீபு உருக்கைப் பற்றி எழுதினார் என்றால், அதற்குப் பின்னால் இந்தக் காற்று இருந்திருக்கிறது.

நம்மவர் ஒருவரையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். ஆனந்த குமாரசுவாமி. தந்தை சேர் முத்துக்குமாரசுவாமி. மகனைக் கலை ஆராய்ச்சியாளர் என்றே எல்லாரும் அறிவார்கள், ஆனால் அவர் இலங்கையில் பார்த்த உத்தியோகம் கனிப்பொருள் அளவையின் தலைமை. கல் தேடி மலை மலையாக அலைந்தவர், பலாங்கொடைப் பக்கம் ஹத்தரபாகேயில் இரும்பு எடுக்கிறதையும் அலுத்நுவரவில் உருக்கு வார்க்கிறதையும் பார்த்து, 1908இல் வந்த தம் பெரிய நூலில் படத்தோடு பதிந்து வைத்தார். தொழில் மூச்சை விடுகிற நேரத்தில் போய்ச் சேர்ந்தார். இறக்குமதி இரும்பு மலிவாக வந்துவிட்டது, கற்றவர்கள் ஒருசில கிழவர்கள்தான் மிச்சம். அங்கேயும் குகைக்குள் போட்டது இரும்பும் ஆவாரங்குச்சியும்தான். சேலத்தில் போட்ட அதே ஆவாரை.

நாம் கல்லிலிருந்து இரும்பு எடுக்கப் போவதில்லை. அது பெரிய வேலை. கிடைக்கிற இரும்பைச் சுட்டு அடிக்கப் போகிறோம். அதற்குப் பேக்கருடைய கப்பலும் வேண்டாம், சமனலவெவ மலையுச்சியும் வேண்டாம்.

கடைக்காரர்கள் எரிவாயு உலை விற்பார்கள், அது நமக்கு வேண்டாம். லொறியின் பழைய பிரேக் டிரம்மில் செய்கிற உலையைப் படங்களில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அடியில் துளை போட்டுக் கீழிருந்து காற்று விடுகிற அமைப்பு அது. நிலக்கரிக்கு நல்லது. இலங்கையில் நிலக்கரி நுரைச்சோலை மின்நிலையத்துக்குக் கப்பலில் வருகிறது, நம் கைக்கு வராது. நமக்கு மரக்கரியும் சிரட்டைக்கரியும்தான். கரி இலேசானது. கீழிருந்து காற்று அடித்தால் கரி பறக்கும், தீரும், பணம் கரையும். கரிக்குப் பக்கவாட்டுக் காற்றுத்தான் பொருத்தம். நம்மூர்ப் பழைய கொல்லர்கள் தரையில் குழி போட்டுப் பக்கத்திலிருந்து துருத்தி வைத்ததும் இதனால்தான்.

செய்முறை இதுதான். இரண்டு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், எட்டு அங்குல உயரத்தில் ஒரு பலகைப் பெட்டி. பழைய தகரப் பெட்டியும் ஆகும். அதில் களிமண்ணும் ஆற்றுமணலும் கலந்து நிரப்ப வேண்டும். அடுப்புப் போட மண் பிசைகிற அம்மாமாரைக் கேளுங்கள், எந்த மண் வெடிக்காது என்று பொறியியலாளரைவிட அவர்கள் நன்றாகச் சொல்வார்கள். களிமண் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு, கொஞ்சம் சாணம். நம் தேயிலை மலை மண்ணில் கூழாங்கல் அதிகம், சலித்துவிட்டுச் சேருங்கள். தண்ணீர் குறைவாகத் தெளித்து, கையில் பிடித்தால் உருண்டை நிற்கிற பதத்தில், அடுக்கடுக்காகக் குத்தி இறுக்குங்கள். நடுவில் ஒரு சாண் அகலம், நாலு விரல் ஆழத்தில் குழி. ஒரு பக்கத்திலிருந்து, உட்துளை ஓர் அங்குலம் உள்ள கறுப்பு இரும்புக் குழாயைக் கிடையாக நுழைத்து, குழாய் வாய் குழியின் அடிமட்டத்துக்கு இரண்டு அங்குலம் மேலே இருக்கும்படி வையுங்கள். குழிக்கு இரு பக்கமும் செங்கல் இரண்டு நிறுத்தினால் கரி குவிந்து நிற்கும். உலை முடிந்தது.

குழாயில் ஒரு விஷயம் கவனம். தண்ணீர்க் குழாய் வெள்ளையாகப் பளபளக்கும், அது துத்தநாகம் பூசியது. துத்தநாகம் 907 பாகை செல்சியசில் கொதித்து ஆவியாகும். வெள்ளைப் புகையாக வரும் அதை மூச்சில் இழுத்தால் இரவெல்லாம் குளிர் காய்ச்சல் அடிக்கும். பூச்சுள்ள குழாய், பூச்சுள்ள ஆணி, பூச்சுள்ள தகடு எதுவும் நெருப்புக்குள் போகக்கூடாது. மினுங்குகிற குரோமியப் பூச்சும் அப்படித்தான்.

இன்னொன்று, இந்த ஊருக்கென்றே சொல்கிறேன். பூனா ஓயாவில் அழகழகான உருண்டைக் கற்கள் கிடக்கின்றன. உலையைச் சுற்றி அடுக்கலாம் என்று ஆசை வரும். வேண்டாம். ஆற்றுக் கல்லின் நுண்துளைகளில் தண்ணீர் இருக்கும். சூடேறினால் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் கல்லை உடைத்துத் தெறிக்க வைக்கும். சீமெந்துத் தரையிலும் நேரடியாக நெருப்பு வைக்காதீர்கள், அதுவும் அதே காரணத்தால் வெடிக்கும். மண் பெட்டியையும் நன்றாகக் காயவிடுங்கள். இங்கே பனியும் தூறலும் விட்டுவிட்டு வரும், மேல்மண் காய்ந்த மாதிரி காட்டும், உள்ளே ஈரம் நிற்கும். முதல் சில நாள் சுள்ளி போட்டுச் சின்ன நெருப்பு மட்டும். வெடிப்பு விழுந்தால் அதே மண்ணைக் குழைத்துப் பூசிவிடலாம். அதுதான் மண் உலையின் சௌகரியம்.

இனிக் காற்று. தலைமுடி காய வைக்கிற ஊதி ஒன்று இருந்தால் போதும், சூடாக்காமல் வெறும் காற்று மட்டும் விடுங்கள். ஊதியை நேராகக் குழாயில் திணிக்காதீர்கள். இரண்டு விரல் இடைவெளி விட்டு வையுங்கள். கிட்டக் கொண்டுபோனால் காற்றுக் கூடும், தள்ளினால் குறையும், தனியாகக் குமிழ் வேண்டியதில்லை. வேலையை நிறுத்தும்போது ஊதியை முற்றாக அப்பால் எடுத்துவிடுங்கள். குழாய்க்குள் பின்வாங்கித் தங்குகிற வாயு மறுபடி காற்றுப் பட்டதும் டப்பென்று பற்றும். மின்சாரம் இல்லாத இடத்தில் பழைய சைக்கிள் றிம்மில் பட்டி போட்டு ஒரு சின்ன விசிறியைச் சுற்றலாம். கையால் சுற்றுவதில் எனக்குத் தெரிந்து ஒரு நன்மை உண்டு. கையை நிறுத்தினால் காற்று நிற்கும். மின்சார ஊதி, நீங்கள் இரும்பை அடித்துக்கொண்டிருக்கும்போதும் கரியைத் தின்றுகொண்டே இருக்கும்.

காற்று இல்லாத கரி மங்கின சிவப்பில் கிடக்கும். காற்றுப் பட்டால் 1,200 பாகையைத் தாண்டும். ஆனால் காற்று கூடக் கூட நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். கரி தின்ன முடியாத காற்று இரும்பைத் தின்னும். மேலெல்லாம் செதில் செதிலாக உரியும். ஆகவே இரும்பைக் குழாய் வாய்க்கு நேரே நீட்டாமல், அதற்கு மேலே மூன்று நாலு அங்குலம் கரி இருக்க, அந்தக் கரிக்குள் கிடையாகச் செருகுங்கள். மேலேயும் கரி மூடியிருக்க வேண்டும். இறம்பொடை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீற்றர். கொழும்புக் காற்றோடு ஒப்பிட்டால் இங்கே காற்று பத்தில் ஒரு பங்கு மெலிந்தது. கொழும்பில் ஒருவர் சொன்ன அளவு இங்கே கொஞ்சம் போதாமல் இருந்தால் உலையைக் குறை சொல்லாமல் காற்றைச் சற்றுக் கூட்டுங்கள்.

கரிக்கு வருவோம். சிரட்டைக்கரி குருநாகல், புத்தளம் பக்கத்திலிருந்து வருகிறது. சாம்பல் குறைவு, சூடு நல்லது, நெருப்புப் பிடிக்கத் தாமதமாகும், முதலில் படபடவென்று தெறிக்கும். மரக்கரி சீக்கிரம் பிடிக்கும், சீக்கிரம் தீரும். இரண்டையும் கலந்து போடுவது என் வழக்கம். பாக்கு அளவுக்கு உடைத்துக்கொள்ளுங்கள். பெரிய துண்டுகளுக்கு இடையில் காற்று ஓடிவிடும், தூள் காற்றை அடைத்துவிடும். மலையில் கவ்வாத்து வெட்டினால் மிலாறு குவிகிறது. தடித்த மிலாறைத் தேர்ந்து, மூடியுள்ள பெரலில் போட்டு, காற்று அதிகம் போகாமல் சுட்டெடுத்தால் கரி கிடைக்கும். விறகின் எடையில் கால்வாசி கரியானால் நல்ல சூளை. மிலாறு அடுப்புக்கே போதாத வீட்டில் இந்த யோசனையைச் சொல்லி அம்மாவிடம் அடி வாங்காதீர்கள்.

பட்டடைக்கல்லுக்குக் காசைச் செலவழிக்காதீர்கள். சம்மட்டித் தலை ஒன்றை மரக்கட்டையில் முக்கால்வாசி புதைத்தால் அதுவே பட்டடை. பழைய இரும்புக் கடையில் தண்டவாளத் துண்டு கிடைத்தால் இன்னும் நல்லது. கடையில் என்றுதான் சொன்னேன், நானுஓயா ரயில் பாதையில் என்று சொல்லவில்லை. தண்டவாளத்தைப் படுக்க வைத்தால் அடி பட்டுத் துள்ளும், அதன் மெல்லிய நடுப்பகுதி அடியை விழுங்கும். செங்குத்தாக நிறுத்திக் கட்டையில் இறுக்கினால் அடியின் முழுக்கனமும் கீழே இறங்கும். நீங்கள் நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் விரல் மொளி படுகிற உயரம் சரி. சுத்தியல் ஒரு கிலோவுக்குச் சற்று மேல். அதற்கு மேல் போனால் வீரம் தெரியும், வேலை தெரியாது. குறடு ஆரம்பத்தில் தேவையே இல்லை. இரண்டு அடி நீளக் கம்பியை எடுத்தால் ஒரு முனை சிவக்கும்போது மறுமுனையைக் கையால் பிடிக்கலாம்.

முதல் வேலை, உலைக்கு வேண்டிய கரிக்கிண்டி. கம்பி முனையைத் தட்டையாக்கி வளைத்தால் முடிந்தது. அடுத்தது கொக்கி. சுவரில் சட்டி மாட்ட, கூரையில் விளக்குத் தொங்கவிட, மாட்டுத் தொழுவத்தில் கயிறு மாட்ட எத்தனை கொக்கி இருந்தாலும் போதாது. கம்பியைக் கூராக்குதல், தட்டையாக்குதல், வளைத்தல், முறுக்குதல் எல்லாம் அந்த ஒரு கொக்கிக்குள் இருக்கிறது. நிறம் பார்க்கக் கற்றுக்கொள்வதும் அதில்தான். மங்கின சிவப்பில் அடித்தால் இரும்பு கையை உதறும், உள்ளே கீறும். செம்மஞ்சளில் அடித்தால் இணங்கும். மஞ்சளில் நன்றாக இளகும். வெள்ளையாகி மத்தாப்புப் போலப் பொறி பறந்தால் இரும்பே எரிகிறது, அந்தத் துண்டை வெட்டி எறிய வேண்டியதுதான். நிறத்தைப் பட்டப்பகல் வெயிலில் பார்க்க முடியாது. உலைக்கு மேலே கூரையும் மூன்று பக்கம் மறைப்பும் வேண்டும். நாலாவது பக்கம் திறந்திருக்க வேண்டும், அதற்கான காரணத்தைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

மூன்றாவதாக அலவாங்கு. மழுங்கின முனையைச் சுட்டு, நாலு பக்கமும் தட்டிக் கூராக்கி, முனையில் மட்டும் இரண்டு அங்குலத்தைத் தண்ணீரில் தோய்த்து எடுங்கள். அரத்தால் ஒரு பக்கம் சட்டென்று தேய்த்தால் இரும்பு வெள்ளையாகத் தெரியும். மேலே தோயாத பாகத்தில் மிச்சமிருக்கிற சூடு மெல்லக் கீழே இறங்கும். அந்த வெள்ளை மஞ்சளாகும், பழுப்பாகும், கத்தரிப்பூ நிறமாகும், நீலமாகும். நீலம் முனையைத் தொட்டதும் முழுவதையும் தண்ணீரில் போடுங்கள். நீலம் என்றால் ஏறத்தாழ 300 பாகை. முனை கடினமாகவும் இருக்கும், கல்லில் பட்டால் உடையவும் மாட்டாது. தமிழ்நாட்டுப் பட்டறைகளில் இதைத் தோய்ச்சல் என்பார்கள். திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததும் இந்தத் தோய்ச்சல்தான்.

கவ்வாத்துக் கத்தியைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். ஏனென்றால் அதில் பிழை விட்டால் பாதிக்கப்படுவது கத்தி மட்டுமல்ல. மேல் மலையில் நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை ஒரு செடி கவ்வாத்து ஆகிறது. கட்டைவிரல் பருமன் வாதை ஒரே வீச்சில், சரிவாக, வழுவழுப்பாக வெட்ட வேண்டும். கத்தி மழுங்கலாக இருந்தால் வாது பிளக்கும், பிளவுக்குள் மழைநீர் தங்கும், அழுகல் கீழே இறங்கும். அடுத்த கவ்வாத்து வரை அந்தச் செடியில் கொழுந்து குறையும். கவ்வாத்து வெட்டுகிற அண்ணன்மார் மணிக்கட்டு வலி என்று சொல்வதில் பாதி, கத்தியின் வலி.

நல்ல கத்திக்கு லொறி வில் தகடு பொருத்தமான இரும்பு. கார்பன் நூற்றுக்கு 0.6 அளவில் இருக்கும், நன்றாகக் கடினமாகும். ஆனால் முறிந்த வில்லில் கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒளிந்திருக்கும். முறிந்த இடத்தைத் தவிர்த்து, இயன்றால் முறியாத தகட்டையே வாங்குங்கள். அடித்து உருவம் வந்த பிறகு, ஒரு தடவை சிவக்கச் சுட்டுச் சாம்பலுக்குள் புதைத்து, அடுத்த நாள் காலை வரை தானாக ஆறவிடுங்கள். அடித்த அலுப்பு இரும்பிலிருந்து நீங்கும், அரம் நன்றாகப் பிடிக்கும். விளிம்பை இந்த நேரத்தில் முழுக் கூராக்க வேண்டாம், ஒரு சதக் காசின் கனம் இருக்கட்டும். மெல்லிய விளிம்பு தோய்க்கும்போது நெளியும்.

பிறகு தோய்ச்சல். எந்தச் சூடு என்று எப்படித் தெரியும்? ஒரு காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். இரும்பு ஏறத்தாழ 770 பாகையில் காந்தத்துக்கு மசியாமல் போய்விடும். காந்தம் ஒட்டாத நிலை வந்து, அதற்கு மேல் இன்னும் சற்றுச் சூடேறினால் அதுதான் நேரம். வில் தகட்டைத் தண்ணீரில் போடாதீர்கள், டிக் என்று ஒரு சத்தம் கேட்கும், அத்தனை நாள் உழைப்பும் கீறி நிற்கும். எண்ணெயில் போட வேண்டும். தேங்காய் எண்ணெய் விற்கிற விலைக்கு மனசு வராதுதான். ஆனால் பழைய எஞ்சின் எண்ணெயின் புகை நுரையீரலுக்குக் கேடு, பொரித்து மிஞ்சிய எண்ணெயை வடிகட்டிச் சேர்த்து வையுங்கள். நீளமான தகர டின்னில், விரல் வைத்தால் சுடுகிற அளவுக்கு இளஞ்சூடாக்கி, கத்தியை நேராக முனையிலிருந்து இறக்குங்கள். தீ எழும்பும். பதறாமல் இருக்க, பொருத்தமான இரும்பு மூடி பக்கத்திலேயே இருக்க வேண்டும். எண்ணெய்த் தீக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று சமையலறையில் படித்திருப்பீர்கள்.

எடுத்த கத்தியின் மேல் அரத்தை இழுத்தால் வழுக்கிக்கொண்டு போகும். வழுக்கினால் கடினமாகிவிட்டது. ஆனால் அப்படியே விட்டால் கண்ணாடியைப் போட்டு உடைத்த கதைதான். மறுபடி மெதுவாகச் சூடாக்க வேண்டும். இந்த முறை நெருப்பில் அல்ல, சிவந்த தடித்த இரும்புக் கட்டியின் மேல் கத்தியின் முதுகை வைத்து. முதுகிலிருந்து நிறம் விளிம்புக்கு ஊரும். விளிம்பில் பழுப்பு வந்ததும் நிறுத்துங்கள், முதுகு நீலமாகப் போயிருக்கும். விளிம்பு வெட்டும், முதுகு வளைந்து கொடுக்கும்.

இப்போது அந்த நாலாவது பக்கம். கரி எரிகிற இடத்தில் கார்பன் மொனொக்சைட் உண்டாகும். மணம் இல்லை, நிறம் இல்லை. முதலில் தலைவலி, பிறகு மயக்கம். லயத்துக் காம்பராவுக்குள் உலை வைக்கவே கூடாது, மழை என்றாலும், குளிர் என்றாலும். லயத்துக்கு வெளியே வைத்தாலும் அடுத்த வீட்டுக்கும் நமக்கும் ஒரே சுவர். இரவு ஸ்டோர் வேலை முடித்துவிட்டுப் பகலில் தூங்குகிற அண்ணன் பக்கத்துக் காம்பராவில் இருப்பார். அவர் தலைமாட்டில் நீங்கள் அலவாங்கு அடித்தால் தொழில் தொடங்கிய அன்றே முடிந்துவிடும். பாதையோரக் கராஜ், பழைய மாட்டுத் தொழுவம், மரக்கறித் தோட்டத்துக் கொட்டில் என்று தள்ளி ஓரிடம் பாருங்கள். நிலம் தோட்டத்துடையது என்றால் வாயால் கேட்டால் போதாது, எழுதி வாங்குங்கள்.

உடம்புக்குப் பருத்திச் சட்டை, பருத்திக் காற்சட்டை. பொலியெஸ்டர் பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். கண்ணாடி கட்டாயம். காலுக்குச் சப்பாத்து. உலை பற்றியதும் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் சுற்றி நிற்பார்கள். கொல்லன் பட்டறையில் ஈக்கு என்ன வேலை என்று சும்மா கேட்டு வைக்கவில்லை. ஒரு கயிறு கட்டி அதற்கு அப்பால் நிறுத்துங்கள். மங்கின கறுப்பில் கிடக்கிற இரும்புதான் அதிகம் பேரைச் சுடும், சிவந்த இரும்பை யாரும் தொடுவதில்லை.

காசைப் பற்றிக் கேட்பீர்கள். புதுக் கத்தி அடித்து விற்பதைவிட முதல் வருடம் தீட்டுவதிலும் திருத்துவதிலும்தான் வருமானம். காம்பு மாற்றுவது, அலவாங்கு முனை எடுப்பது, முள்ளின் வளைந்த பல்லை நிமிர்த்துவது. மரக்கறித் தோட்டக்காரர்கள் ஒரு பக்கம், கவ்வாத்துக் காலத்தில் தோட்டத்துக்காரர்கள் இன்னொரு பக்கம். நீர்வீழ்ச்சிக்கும் ஆஞ்சநேயர் கோவிலுக்கும் வருகிற பயணிகளை நம்பிப் பாதை நெடுக ஹோட்டல்கள் வந்திருக்கின்றன. விளக்குத் தண்டு, கதவுக் கொண்டி, பூச்சட்டிக் கொக்கி எல்லாவற்றையும் அவர்கள் கண்டியிலிருந்து வாங்கி வருகிறார்கள். போய்க் கேட்டுப் பாருங்கள், ஒரு கொக்கியைக் கையில் கொண்டு போய்க் கேளுங்கள். கூலியை வேலைக்கு முன்னாலேயே பேசிவிடுங்கள், தெரிந்தவர் என்றாலும். தெரிந்தவர் என்றால் கட்டாயம் பேசிவிடுங்கள்.

நான் சொன்ன மண் பெட்டி ஒன்றை மண்டபத்துக்குப் பின்னால் கொட்டிலில் காயவைத்துத் தயாராக வைத்திருக்கிறோம். சைக்கிள் றிம் விசிறியும் பூட்டியாகிவிட்டது. தேத்தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். பொலியெஸ்டர் சட்டை போட்டவர்களும் செருப்புக் கால்காரர்களும் கயிற்றுக்கு அப்பால். விசிறி சுற்ற முதலில் இரண்டு தங்கச்சிமார் வரட்டும், கம்பி பிடிக்க வாள் கேட்ட தம்பி வரட்டும்.